பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடமும் அதில் குடியேறிய பேயும்

நம் நாட்டின் தோட்டப்புறங்களில் சுற்றுப்பயணம் செய்வோருக்கு ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். செம்மண் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி, லாலாங் புல் மண்டிய ஒரு மேட்டில், துருவேறிய தகரக் கூரையும் இடுப்பளவுச் சுவரும் கொண்ட நீண்டதொரு கட்டடம் நிற்கும். கதவு ஒன்று சாய்ந்திருக்கும், மற்றொன்று இராது. உள்ளே கரும்பலகை தொங்கிய இடம் மட்டும் சுவரில் வேறு நிறமாய்த் தெரியும். வழியில் வரும் எவரையேனும் நிறுத்தி, "அது என்ன கட்டடம்?" என்று கேட்டால், "பழைய தமிழ்ப்பள்ளிங்க" என்பார். அடுத்த மூச்சிலேயே, "பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் யாரும் போறதில்லைங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அண்மையில் அத்தகைய பள்ளியொன்றிற்குச் செல்லும் வாய்ப்பு நமக்கு ஏற்பட்டது. பேயைத் தேடி நாம் செல்லவில்லை. ஒரு தாளைத் தேடியே சென்றோம். தோட்டத்தில் நடைபெற்ற விளக்கக் கூட்டம் முடிந்தபின் அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் 1959-ஆம் ஆண்டில் அத்தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஆயினும் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறப்புப் பத்திரம் இளமையிலேயே லயத்தில் பற்றிய தீயில் போயிற்றாம். பதிவு இலாகாவில் இரண்டு முறை தேடிப் பார்த்தும் அவர் கூறிய பெயரில் எந்தப் பதிவும் அகப்படவில்லையாம். "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல என் பேரு எழுதியிருக்குமேங்க ஐயா! ஆனா அங்கதான் போக முடியாதே," என்றார். "ஏன் அம்மா?" என்று கேட்டோம். அவர் விடை கூறுமுன் அருகிலிருந்த இளைஞர்கள் நால்வர் ஒரே குரலில் கூறினர்: பள்ளியில் பேய் இருக்கிறது.

கூரையின்மேல் இரவில் கல் விழுகிறது. வெள்ளை உடுத்திய பெண்ணொருத்தி சன்னல் வழியே பறந்து வெளிவருகிறாள், அவள் அலறுவதைக் கேட்டவர் பலர். மல்லிகையுமன்று, முல்லையுமன்று, இன்னதென்று சொல்ல முடியாத மலர்மணம் திடீரென்று வீசுகிறது. ஜப்பானியப் படைவீரர்களின் பூட்சு ஒலி கேட்கிறது. பள்ளி மணி தானாக அடிக்கிறது. இவையே அவர்கள் கூறிய சான்றுகள். இவற்றுள் மணியைப் பற்றிய செய்தி நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனெனில், அந்த மணியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எவரோ கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டதாக அதே இளைஞர்கள் சற்று முன்னர்தான் நம்மிடம் கூறியிருந்தனர்.

பேய் உண்டா இல்லையா என்னும் வழக்கை இங்கு நாம் தொடுக்கப் போவதில்லை. இப்பள்ளி எவ்வாறு தோன்றியது, எதனால் மூடப்பட்டது, மூடப்பட்டபின் ஏன் இத்தனை கதைகள் அதனைச் சூழ்ந்தன என்பவற்றை முறையாக அறிந்துகொண்டால், எந்தக் கதைக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

பள்ளி வந்த வரலாறு

மலாயாவில் தமிழ் கற்பித்தல் தோட்டத்தில் தொடங்கவில்லை. 1816-ஆம் ஆண்டில் பினாங்கில் நிறுவப்பெற்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு ஒன்று நடத்தப்பட்டதே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அப்பொழுது இங்கே பால்மரமே இல்லை. கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1877-இல்தான் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் ரப்பர் விளைச்சல் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களும் பெருகின. குடும்பம் வந்தால் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளைப் பகலெல்லாம் எங்கே விடுவது என்ற கேள்வியும் உண்டு.

இக்கேள்விக்குச் சட்டம் ஒரு விடை கூறிற்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதனை விரிவாக்கிய 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்குமாறு நிருவாகத்தைப் பணிக்க அதிகாரிகளுக்கு இடமளித்தன. பத்துப் பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கை. அதனாற்றான் காடு திருத்திய இடமெங்கும், இருபது முப்பது குடும்பங்கள் மட்டுமே வாழ்ந்த டிவிசன்களிலும் பள்ளிகள் முளைத்தன. பிற்காலத்தில் அவை ஒவ்வொன்றாய் உதிர்ந்ததற்கும் அந்தச் சிறுமையே ஒரு காரணமாயிற்று.

பள்ளி என்றதும் இன்றைய மாடிக் கட்டடத்தை நினைத்துவிடலாகாது. தொடக்கத்தில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையோ, கோயில் மண்டபமோ, காலியான லயத்து அறையோதான் பள்ளியாக விளங்கிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியர். காலையில் கணக்கெழுதி, பால் நிறுத்து, மீந்த நேரத்தில் அவர் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளோ மணலில் எழுதினர், பலகையில் எழுதினர், பாதி நாளில் எழுந்து, ஒட்டுப்பால் பொறுக்கத் தாயாரின் நிரைக்கு ஓடினர். தனிக் கட்டடம் பின்னரே வந்தது. ஒரே நீண்ட கூடம், தடுப்புச் சுவர் கிடையாது; முதல் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, மூன்றாம் வகுப்பு பாட்டுப் படிக்க, ஓர் ஆசிரியரே இரண்டிற்கும் நடுவில் நிற்பார். நாமும் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள். எனவே அந்த ஆசிரியர்களை எண்ணும்போது நம் தொண்டை தானாகவே வறளுகிறது.

இந்தக் கல்வி போதாது என்பதைத் தொழிலாளர்களே முதலில் உணர்ந்தனர் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலை நிறுத்தம் எழுந்தது. ஊதிய உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. நாதன் நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் இந்த இரத்தமும் கலந்திருக்கிறது என்பதை நம் இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர்?

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிற்று. பின் நிகழ்ந்தவற்றைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாம் வளர்ந்தோம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை 1942-லும் 1943-லும் போடப்பட்டது. அதற்காகத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் காட்டிலேயே வீழ்த்தின. திரும்பியவர் திரும்பினர், திரும்பாதவர்க்குக் கல்லறையும் இல்லை, ஈமச் சடங்கும் இல்லை. பல தோட்டங்களில் பள்ளி நின்றுபோயிற்று. நடந்த இடங்களில் பிள்ளைகள் ஜப்பானிய மொழி கற்றனர்.

போர் முடிந்து மூன்றாண்டுகள் ஆகுமுன் 1948-இல் அவசரகாலம் பிறந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்று சேர்த்து முள்வேலி அடைத்தார்கள். ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். 1960 வரை இந்நிலை நீடித்தது. இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே இருப்பது ஆபத்து என்ற பாடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொண்டனர். "பொழுது சாஞ்சா போகாதே" என்னும் எச்சரிக்கை பேய்க்கு அஞ்சிப் பிறந்ததா, துப்பாக்கிக்கு அஞ்சிப் பிறந்ததா என்று நாம் வியப்பதுண்டு.

பள்ளி போன வரலாறு

நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த கல்விச் சட்டங்களும் அவற்றைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தன. பொதுப் பாடத்திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தனர். ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்று இடைநிலைப்பள்ளி புகும் வழி பிறந்தது. இன்று எஞ்சியிருக்கும் பள்ளிகள் 520-க்குச் சற்று மேல். ஏறத்தாழ முந்நூற்று அறுபது பள்ளிகள் எங்கே போயின?

தோட்டம் உடைந்தபோது சில போயின. 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். துண்டுபோட்ட நிலத்தில் லயமும் இல்லை, பள்ளியும் இல்லை. இந்நிலையைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தம் சேமிப்பைச் சிறுகச் சிறுகப் போட்டுத் தாமே தோட்டத்துக்கு உடைமையாளர் ஆவதுதான் அதன் நோக்கம்.

1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டியதாயிற்று. பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஒரு வகுப்பில் திங்கட்கிழமை இருந்த பிள்ளை வெள்ளிக்கிழமை இராது.

எனினும், நம் கருத்தில், பள்ளிகளை அதிகமாகக் காலி செய்தது எந்த ஒரு சட்டமும் அன்று; ஒரு மரம் செய்த வேலை அது. பால்மரத்திற்கு நாள்தோறும் விடியலில் கை வேண்டும். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டா. ரப்பர் அழிந்து செம்பனை ஏறிய இடங்களில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. இளையோர் தொழிற்சாலை தேடிப் பட்டணம் சென்றனர். லயத்தில் முதியோரே எஞ்சினர். பின்னர்ப் பட்டணமே தோட்டத்தைத் தேடி வந்தது. முதலாம் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயர்கள் 1921-இல் உருவாக்கிய பெராங் பெசார் தோட்டத்தின்மீதுதான் இன்றைய புத்ராஜெயா நிற்கிறது. 1998-இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையமும் ஒருகாலத்தில் தோட்டப்புறமாயிருந்த வட்டாரத்தில் எழுந்ததே.

மறைந்த பள்ளிகள் எல்லாம் அழிந்தன என்று கொள்வது பிழையாகும். சில பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. சில பள்ளிகள் பெயரையும் உரிமத்தையும் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. ஆகவே மேட்டில் பாழடைந்து நிற்பது பல நேரங்களில் பள்ளியன்று. பள்ளி கழற்றி எறிந்த சட்டை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

கல் எறிவது யார்? அலறுவது யார்?

இனி இளைஞர்கள் கூறிய சான்றுகளுக்கு வருவோம்.

கல் விழும் ஓசையை நாமே கேட்டோம், அதுவும் பட்டப்பகலில். 'பட்' என்று ஒரு வெடிப்பு. அடுத்த கணம் தகரத்தின்மேல் 'டொக்' என்று ஒரு வீழ்ச்சி. பிறகு உருளும் ஒலி. உடன் வந்த இளைஞர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பால்மரத்தடியில் வளர்ந்தவர்! பள்ளியைச் சுற்றி வெட்டப்படாமல் விடப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிழமரங்கள் நிற்கின்றன. பால்மரம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலையுதிர்த்துத் துளிர்த்துப் பூக்கிறது. ஐந்து திங்கள் கழித்துக் காய் முற்றுகிறது. மூன்று அறைகள் கொண்ட அக்காய் நன்கு காய்ந்ததும் ஓடு முறுக்கேறி வெடித்து, விதைகளைப் பதினைந்து மீட்டருக்கும் அப்பால் வீசியெறியும். சிறு வயதில் அவ்விதையைச் சுவரில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையன் கையில் வைத்து அலறவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! வகுப்பு நடந்த காலத்திலும் அந்த விதைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. அறுபது பிள்ளைகளின் இரைச்சலில் எவர் காதிலும் அவை விழவில்லை, அவ்வளவே. ஆண்டில் எந்தத் திங்களில் கல் அதிகமாக விழுகிறது என்று கேட்டோம். "ஆகஸ்ட், செப்டம்பர்" என்றனர். சொன்னபின் அவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

விதை இல்லாத காலத்திலும் தகரக் கூரை ஓசையிடும். பகல் வெயிலில் விரிந்த தகடு இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஆணிகள் முனகும். ஆள் நடப்பதுபோல் அது ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செல்வதும் உண்டு. நிழல் படர்ந்த பக்கம் முதலில் குளிர்வதால் அவ்வாறு ஆகிறது. பூட்சு ஒலி என்பது பெரும்பாலும் இதுவே ஆகலாம்.

வெள்ளை உடுத்திய பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அவளையும் நாம் கண்டோம். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பொந்தில், இதயம் போன்ற வெண்முகத்தோடு நம்மை உற்றுநோக்கியவாறு அவள் அமர்ந்திருந்தாள். வெண்கூகை என்னும் ஆந்தைதான் அது. நெஞ்சும் வயிறும் இறக்கையின் அடிப்புறமும் வெண்ணிறம். இறகுகளின் ஓரத்தில் மெல்லிய சீப்புப்பற்கள் போன்ற அமைப்பு இருப்பதால் அது பறக்கும்போது சிறிதும் ஒலி எழாது. ஏனைய ஆந்தைகள்போல் அது அலறுவதன்று; தொண்டை கிழியக் கிறீச்சிடும். அதன் குஞ்சுகளோ உறங்கும் மனிதனின் குறட்டைபோல் இரவெல்லாம் சீறிக்கொண்டிருக்கும். இருட்டில், டார்ச்சு வெளிச்சத்தின் ஓரத்தில், ஓசையின்றி வெண்மையாக ஒன்று சன்னல் வழியே மிதந்து சென்று கிறீச்சிட்டால், அதனைப் பறவை என்று எண்ணுவதற்குத் தனித் துணிவு வேண்டும். மலாய் மொழியில் ஆந்தைக்குப் பெயரே 'புரோங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை. நம்மவரோ அதனைச் சாவுக்குருவி என்பர்.

இப்பறவை முன்னாளில் தீபகற்ப மலேசியாவில் அரிதாகவே காணப்பட்டது. 1960-களின் இறுதியில் ஜொகூரில் செம்பனைத் தோட்டமொன்றில் அது குஞ்சு பொரித்தது கண்டறியப்பட்டது. செம்பனை பரவப் பரவ, அதன் பழத்தைத் தின்னும் எலிகள் பெருக, எலியைத் தின்னும் கூகையும் பெருகிற்று. பின்னர்த் தோட்ட நிருவாகங்களே கம்பங்களின்மேல் பெட்டிகள் அமைத்து அதற்கு வீடு கட்டித் தந்தன. குஞ்சுகளோடு வாழும் ஒரு சோடிக் கூகை ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும் என்பது கணிப்பு. நஞ்சு வைக்கும் செலவு குறைகிறது. வைத்த நஞ்சைத் தின்று நம் நாயும் கோழியும் சாவதும் குறைகிறது. ஆக, எந்த மரம் பள்ளியைக் காலி செய்ததோ அதே மரந்தான் அந்தக் காலிப் பள்ளிக்குள் வெள்ளைப் பெண்ணையும் குடியேற்றியது. அவளைக் கல்லால் அடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் அறியாமை. அவள் தோட்டத்தின் சம்பளமில்லா ஊழியர்.

மலர்மணத்துக்கு உரிய மரம் பள்ளி வாசலிலேயே நிற்கிறது. எவரோ ஒரு தலைமையாசிரியர் தோட்டப் பாடத்துக்காக நட்ட கெம்போஜா அது. அம்மலர் பகலைவிட இரவிலேயே மிகுதியாக மணக்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை ஈர்ப்பதற்காக அவ்வாறு மணக்கிறது. வேடிக்கை யாதெனில், அப்பூவில் தேன் கிடையாது. பூச்சி ஏமாந்தே போகிறது. நம் நாட்டில் இம்மரம் இடுகாடுகளில் அதிகம் காணப்படுவதால் அதன் மணத்தோடு பொந்தியானாக் கதையும் சேர்ந்து வருகிறது. தமிழர் வாயில் அது மோகினி ஆயிற்று. சுவரோரம் மட்கிய கட்டையில் பச்சை ஒளி தெரிவதாகவும் ஒருவர் சொன்னார். நாம் பகலில் சென்றதால் அதனைக் காணவில்லை. ஆனால் மழைக்காலத்தில் மட்கும் மரத்தில் ஒளிவிடும் காளான் வகைகள் நம் காடுகளில் உண்டு.

ஜப்பானியப் படைவீரர் கதையை மட்டும் நாம் சிரித்துத் தள்ள விரும்பவில்லை. ஜப்பானியர் காலத்தில் இங்கே தலை வெட்டினார்கள் என்ற கதை, நாம் சென்ற ஊர்களில் எல்லாம் ஏதேனும் ஒரு பள்ளியைப் பற்றியோ விடுதியைப் பற்றியோ சொல்லப்படுகிறது. போருக்குப் பின் கட்டப்பட்ட பள்ளிகளைப் பற்றியும் சொல்லப்படுகிறது! ஆகவே கதையில் வரும் இடத்தை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் சயாமுக்குப் போய்த் திரும்பாத மாமனும் சித்தப்பனும் இல்லாத பழங்குடும்பம் எந்தத் தோட்டத்தில் உண்டு? அவர்களுக்காக நடுகல் இல்லை, ஏட்டில் பெயர் இல்லை. எழுதி வைக்கப்படாத துயரம் ஏதேனும் ஒரு காலிக் கட்டடத்தைத் தேடிக் குடிபுகுகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. பேரப்பிள்ளைகள் பூட்சு ஒலியைப் பற்றிக் கேட்கும்போது, "சும்மா இரு" என்று அடக்காமல், போன உறவினரின் பெயரையும் போன ஆண்டையும் பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பார்களானால் நலமாயிருக்கும்.

அஞ்சவேண்டியவை

பாழ்ப்பள்ளியில் அஞ்சத்தக்கவை இல்லாமல் இல்லை. கறையான் அரித்த பலகைத் தளம் காலை உள்வாங்கும். பழைய கிணற்றின் வாயைப் புல் மூடியிருக்கும். அதற்குள் காற்று கெட்டிருப்பதால், விழுந்தவனை எடுக்க இறங்கியவனும் மாள்வான். வௌவால் எச்சம் குவிந்த அறையைக் கூட்டிப் பெருக்கினால், அதில் வளரும் பூஞ்சணத்தின் தூள் மூச்சோடு நுரையீரலுட் சென்று நோய் உண்டாக்கக்கூடும். எலி உள்ள இடத்தில் நாகமும் இருக்கும். உடைந்த தொட்டியில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு பெருகும். பிள்ளைகளை அங்கே போகவேண்டா என்று தடுப்பது சரியே. அதற்கு இந்தக் காரணங்களையே சொல்லலாம்.

பதிவேட்டைத் தேடியது

அம்மையாரின் செய்தியைத் தொடர்வோம். இளைஞர்கள் துணையோடு உள்ளே சென்று, ஆசிரியர் அறையிலிருந்த தகர அலமாரியைத் திறந்தோம். கறையான் மண்ணும் சில புத்தக அட்டைகளும் தவிர அதில் ஒன்றுமில்லை. அம்மையார் வாசற்படியில் நின்றவாறே நம் முகத்தைப் பார்த்துச் செய்தியை அறிந்துகொண்டார்.

அவர் ஏன் இத்தனை கவலை கொண்டார் என்பதற்குச் சட்டத்தில் காரணம் உண்டு. விடுதலை நாளாகிய 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் இறுதிவரை இக்கூட்டரசின் மண்ணில் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, சட்டப்படியே குடிமகன் ஆவார் என நம் அரசமைப்புச் சட்டம் கூறுகிறது. பெற்றோரின் குடியுரிமை கேட்கப்படுவதில்லை. அதன்பின் பிறந்தவர்க்கே பெற்றோர் நிலையும் பார்க்கப்படுகிறது. ஆகவே 1959-இல் இங்கே பிறந்தேன் என்பதை மெய்ப்பித்தால் போதும். மெய்ப்பிக்க முடியாமல்தான் அவர் வாழ்நாள் முழுவதும் வாக்களிக்காமலே இருந்துவிட்டார். உதவி நாடிச் சென்ற இடங்களில் அட்டையின் நிறமே அவருக்கு விடை சொல்லிற்று.

முன்னர்க் கூறிய வேறுபாடு இங்கே பயன்பட்டது. கட்டடம் பாழாயினும் பள்ளி அழியவில்லை. பதினெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால், சிறுபட்டணத்துப் பள்ளியொன்றோடு அது இணைக்கப்பட்டிருந்தது. மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டு அதனை அறிந்தோம். இணைப்பின்போது பழைய தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேடுகளையெல்லாம் சாக்கில் கட்டித் தாமே கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். அவை அப்பள்ளியின் பொருளறையில், விளையாட்டுப் பொருள்களுக்குப் பின்னால், கட்டுக் குலையாமல் இருந்தன.

சேர்க்கைப் பதிவேடு என்பது மாணவன் பெயர் மட்டும் எழுதிய ஏடன்று. பிறந்த நாள், தந்தையின் பெயர், அவர் தொழில், எந்த டிவிசன், சேர்ந்த நாள், விலகிய நாள், எங்கே சென்றான் என்பன எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பல ஏடுகளில் பிறப்புப் பத்திரத்தின் எண்ணுக்கும் ஒரு பத்தி உண்டு. அந்த எண் கிடைத்தால், தொலைந்த பத்திரத்தின் நகலைப் பதிவு இலாகாவில் தேடுவது எளிதாகிறது. பதிவேடு பிறப்புப் பத்திரம் ஆகிவிடாது. ஆனால் பத்திரத்தை அடையும் வழி ஆகும். எண் எழுதப்படாத இடத்திலும், இன்ன ஆண்டில் இன்ன தோட்டத்தில் இவர் பிள்ளையாக வளர்ந்தார் என்பதற்கு அது துணைச் சான்றாகும். இத்தகைய தேவையுள்ள வாசகர்கள், தம் பழைய பள்ளி எதனோடு இணைந்தது அல்லது எங்கே மாற்றப்பட்டது என்பதை மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டறிந்து, அப்பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் விண்ணப்பிப்பது நல்லது. வாய்மொழியாகக் கேட்டால் தேடுவார்கள். எழுதிக் கொடுத்தால் தேடி முடிப்பார்கள். பழைய ஏடுகளை வீட்டில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவற்றைப் பள்ளியிடமோ, தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்திடமோ ஒப்படைக்கலாம்.

1966-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தலைமையாசிரியை விரித்தபோது, அம்மையார் சொன்ன பெயர் அங்கே இல்லை. அவர் முகம் வாடிற்று. தந்தையின் பெயரைக் கொண்டு தேடியபோதுதான் உண்மை விளங்கிற்று. வீட்டிலும் லயத்திலும் அவரை அழைத்தது ஒரு பெயர். பிறப்பைப் பதிந்தபோது கிராணி எழுதிய பெயர் வேறு. இரண்டு முறை இலாகாவில் தேடியும் அகப்படாமைக்குக் காரணம் அதுவே. பிறந்த நாள், டிவிசன், தந்தை பெயர் எல்லாம் பொருந்தின. கடைசிப் பத்தியில், நீல மையில், அச்சுப்போன்ற கையெழுத்தில் பத்திர எண் இருந்தது.

அந்த எண்ணோடு அவர் செய்த விண்ணப்பத்திற்குப் பிறப்புப் பத்திர நகல் கிடைத்துவிட்டது. பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியப் பிரமாணம் எழுதி, அடையாள அட்டைக்கான மனுவை இப்பொழுது கொடுத்திருக்கிறார். முடிவு வந்ததும் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று பொருளறையில் தலைமையாசிரியை ஏட்டை மூடப்போனபோது, "கொஞ்சம் இருங்கம்மா," என்று தடுத்தார். அவர் தம்பியொருவன் மூன்றாம் வகுப்போடு நின்று, பதினான்கு வயதில் காய்ச்சலில் இறந்துபோனானாம். அவனுக்கு ஒரு புகைப்படங்கூட இல்லையாம். தலைமையாசிரியை 1969-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.